அப்பாவுக்கு இனிக்காத சர்க்கரைத் தண்ணீர்

காலை ஏழரை மணி இருக்கும். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பனியன் முழுக்க வியர்வை, விரல்களில் நடுக்கம். அம்மா ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா டம்ளரைத் தள்ளினார். "சர்க்கரையே போடாமல் தண்ணீரைக் கொடுக்கிறாயே!" அம்மா பதறிப்போய் இன்னும் இரண்டு கரண்டி போட்டார். அதையும் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் பச்சைத் தண்ணீர்தான்" என்றார்.

விடுமுறைக்கு வந்திருந்த நான் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அப்பாவின் கீழுதட்டில் பச்சையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்பா, சிறுகுறிஞ்சான் இலை மென்றீர்களா?"

"மென்றேன் கண்ணு, ஆறேழு இலை."

"இனிக்காவிட்டாலும் பரவாயில்லை, முழுவதையும் குடியுங்கள். இது சர்க்கரைத் தண்ணீர்தான். அந்த இலை நாக்கில் இனிப்பை மறைக்கிறது."

குடிக்க வைத்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தேன். குளுக்கோமீட்டர் 54 என்று காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. பதினைந்து நிமிடம் கழித்து 71. இன்னும் பதினைந்து நிமிடத்தில் 96. அதற்குப் பிறகுதான் அப்பா இட்லி கேட்டார்.

அந்த அரை மணி நேரத்தில் நான் பட்ட பயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அது தொடங்கியது என் கல்லூரி ஆய்வகத்தில்.

உயிர்வேதியியல் முதுகலை கடைசிப் பருவத்தில் எல்லோருக்கும் ஒரு ஆய்வுத் திட்டம் உண்டு. நான் சிறுகுறிஞ்சான் இலையை எடுத்துக்கொண்டேன். சர்க்கரைக்கொல்லி என்ற பெயரில்தான் எங்கள் பக்கம் அதைப் பலருக்குத் தெரியும். இந்தியில் குட்மார் என்பார்கள். வெல்லத்தைக் கொல்வது என்று பொருள். தாவரவியல் பெயர் ஜிம்னீமா சில்வெஸ்ட்ரே. எருக்கு, வேலிப்பருத்தி இவற்றுக்கு உறவான கொடி. நாமக்கல்காரிக்கு இதைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறது. என் அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்ப்பவர். அவருடன் வேலை செய்யும் மலைக்கார அண்ணன் ஒருவர்தான் ஒரு பை நிறைய இலை கொண்டுவந்து கொடுத்தார். கல்லூரியில் தாவரவியல் துறைப் பேராசிரியரிடம் பூவோடும் காயோடும் காட்டி, சரியான செடிதான் என்று எழுதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினோம்.

நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் சாறு இறக்கி, வற்றவைத்தோம். கரும்பச்சைப் பசை கிடைத்தது. முதலில் செய்தது ஆக்சிஜனேற்றத் தடுப்பு (ஆன்டிஆக்ஸிடன்ட்) சோதனை. டி.பி.பி.எச். என்ற வேதிப்பொருளின் கரைசல் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அதில் தனித்து நிற்கும் ஓர் எலக்ட்ரான்தான் அந்த நிறத்துக்குக் காரணம். அதற்கு இணை கொடுக்கக்கூடிய பொருள் எதையாவது சேர்த்தால் நிறம் வெளிறி மஞ்சளாகும். இருட்டில் அரை மணி நேரம் வைத்து, 517 நானோமீட்டரில் அளக்க வேண்டும். எங்கள் சாற்றைச் சேர்த்த குழாய்கள் வரிசையாக வெளிறிக்கொண்டே போயின. கடைசிக் குழாய் எலுமிச்சைச் சாறு போல நின்றது. அதன்பின் ஆல்ஃபா அமைலேஸ் சோதனை. மாவுச்சத்தை உடைக்கும் அந்த நொதியை நம் சாறு எவ்வளவு தடுக்கிறது என்று, அகார்போஸ் என்ற மருந்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அதிலும் தடுப்பு தெரிந்தது.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு போன் செய்தேன். "அப்பா, நம் மலை இலை நன்றாக வேலை செய்கிறது! சர்க்கரையையும் தடுக்கிறது, உடம்பு கெடாமலும் காக்கிறது!" இப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு அப்போது எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் எடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரை என்றாலே அவருக்குச் சிறுநீரகம் போய்விடும் என்ற பயம். அதோடு, படித்த மகள் ஆய்வகத்திலேயே கண்டுபிடித்துச் சொல்கிறாள். மறுநாள் காலையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லவில்லை; அம்மாவுக்கும் சொல்லவில்லை. மலைக்கார அண்ணனிடம் வாரம் ஒரு பை இலை வாங்கிக் காயவைத்து, பொடித்து, காலையும் மாலையும் ஒரு கரண்டி வெந்நீரில் கலந்து குடித்தார்.

பத்து வாரங்கள்.

கண்டுபிடித்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் அது. மாத்திரை கொடுத்த கையோடு பழைய அட்டைகளையும் அந்த அக்கா பார்ப்பார். "அண்ணா, இரண்டு மாத மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறார். அப்பா மழுப்பப் பார்த்தார். அக்கா விடவில்லை, அங்கேயே குத்திப் பார்த்தார். வெறும் வயிற்றில் 287. அப்போதுதான் அம்மா இன்னொன்றைக் கவனித்தார். அப்பாவின் இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். பட்டறையில் ஆணி குத்தியிருக்கிறது. எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. வலி தெரியவில்லை என்பதுதான் அதில் பயங்கரம். பாதத்தின் நரம்பு மரத்துப்போயிருந்தது.

மருத்துவமனையில் எச்.பி.ஏ.1.சி., அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை, பார்த்தார்கள். ஏழரையில் இருந்தது பத்தேகால் ஆகியிருந்தது. புண் ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. விரல் தப்பியது. மருத்துவர் கிளிமிபிரைடு அளவைக் கூட்டினார். அப்பாவும் தவறாமல் சாப்பிடத் தொடங்கினார். ஆனால் இலையையும் அவர் விடவில்லை. மருத்துவரிடமும் சொல்லவில்லை. கூட்டிய மாத்திரை, கூடவே காலையில் பச்சை இலை, அன்றைக்குப் பார்த்து அம்மா உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் தாமதமாகிப்போன இட்லி. முடிவு, நான் முதலில் சொன்ன திண்ணைக் காட்சி.

54க்கு இறங்கியது இலையாலா, வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இலை இல்லாமலேயே சர்க்கரை இறங்கும். மருத்துவர் பிறகு சொன்னதுதான் சரி: "இலை சாப்பிடுவது தெரிந்திருந்தால் மாத்திரை அளவை நான் இப்படிக் கூட்டியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியாத ஒரு மருந்தோடு சேர்த்து நான் எப்படிக் கணக்குப் போடுவேன்?" அவர் திட்டவில்லை. அவர் அமைதியாகக் கேட்டதால்தான் அப்பா அன்று முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் என் ஆய்வேட்டை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒரு எண்கூடத் தப்பில்லை. போனில் நான் அப்பாவிடம் சொன்னதுதான் தப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சோதனைக் குழாய்க்கும் அப்பாவின் ரத்தத்துக்கும் நடுவில் மிக நீண்ட வழி இருக்கிறது. நம் ஊரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆண்டுதோறும் ஏதோ ஒரு மூலிகை இலையை எடுத்து இதே சோதனைகளைச் செய்கிறார்கள். அந்த முடிவுகள் வாட்ஸ்அப்பில் 'ஆய்வில் நிரூபணம்' என்று சுற்றுகின்றன. அவற்றைப் படிப்பவர்கள் என் அப்பாவைப் போன்றவர்கள்.

முதலில் அந்த மஞ்சள் நிறம். கத்தரிப்பூ நிறக் கரைசலை வெளிறவைப்பது சிறுகுறிஞ்சானின் தனிச்சிறப்பு இல்லை. முருங்கையிலை, கறிவேப்பிலை, கொய்யா இலை, ஏன், தேநீர் வடித்தாலும் வெளிறும். பாலிஃபீனால் என்ற தாவரப் பொருட்கள் நிறைந்த எதுவும் அந்த வேலையைச் செய்யும். இப்போது ஒரு கல்லூரியில் கற்பிக்கும் நான், இந்தச் சோதனை நடத்தும் நாளில் மாணவர்கள் கொண்டுவரும் இலைச் சாற்றுக்குப் பக்கத்தில் கேன்டீன் கட்டன்சாயா ஒரு குழாய் வைக்கச் சொல்கிறேன். அதுவும் மஞ்சளாகும்போது ஒரு பிள்ளையாவது, "அப்படியானால் இந்தச் சோதனை எதைத்தான் சொல்கிறது மேடம்?" என்று கேட்கும். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

சோதனை சொல்வது இவ்வளவே: இந்தச் சாற்றில் எலக்ட்ரான் தரக்கூடிய பொருட்கள் இருக்கின்றன. அவை குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் அவற்றை என்ன செய்யும், ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சியது நோயைத் தடுக்குமா என்பதையெல்லாம் அது சொல்லாது. சர்க்கரை நோயில் ஆக்சிஜனேற்றச் சேதம் உண்மையாகவே அதிகம். ரத்த நாளத்தையும் நரம்பையும் அது அரிக்கிறது என்பதும் உண்மை. அதனால் ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் சேதம் நிற்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்தபோது விடை அப்படி வரவில்லை. பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து ஆண்டுகள் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வு இன்னும் கசப்பானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. குழாயில் நல்லது உடலில் கெட்டதாகவும் ஆகலாம் என்று அன்றே தெரிந்துவிட்டது. இதை எங்கள் பாடத்தில் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

அடுத்தது எலி. சிறுகுறிஞ்சான் பற்றிய கட்டுரைகளில் பல எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் செய்தவை. அந்த மருந்து கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொன்றுவிடும். என் அப்பாவுக்கு வந்தது அப்படி வரவில்லை. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது. அளவையும் பாருங்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்ததாக ஒரு கட்டுரை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலி அளவை மனித அளவாக மாற்ற வழக்கமாக 6.2ஆல் வகுப்பார்கள். கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 1.9 கிராம் சாறு. நூறு கிராம் பொடியிலிருந்து பத்து கிராம் சாறு இறங்கினால், அது 19 கிராம் பொடி. கரண்டிக் கணக்கில் ஐந்தாறு. இதை அப்பா இரு வேளையும் குடித்த ஒவ்வொரு கரண்டிப் பொடியோடு ஒப்பிட முடியுமா? அளவு குறைவாக இருந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டும் வேறுவேறு சமாச்சாரம்.

இதெல்லாம் சொல்வதால் இலையை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த இலைமேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. அதன் வரலாறே அழகானது. 1887இல் இந்த இலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்து ஜிம்னீமிக் அமிலம் என்று பெயர் வைத்தவர் டேவிட் ஹூப்பர். அவர் வேலை பார்த்த இடம் நம் ஊட்டி. கொய்னா மரத்துக்காக அரசு அமர்த்திய வேதியியலாளர் அவர். அது ஒரே அமிலம் இல்லை, சபோனின் வகையைச் சேர்ந்த பல பொருட்களின் கூட்டம் என்று பின்னால் தெரிந்தது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியில் அவை போய் ஒட்டிக்கொள்கின்றன. அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை சர்க்கரை மணல் மாதிரி இருக்கும். உப்பும் புளிப்பும் அப்படியே தெரியும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் நாக்கின் இந்த அனுபவத்தில் பிறந்தது என்றே நான் நம்புகிறேன். அதை நாம் ரத்தத்துக்கு நீட்டிப் படித்துக்கொண்டோம்.

மனிதர்களிடமும் ஆய்வு நடந்திருக்கிறது, அதுவும் சென்னையிலேயே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வகத்தில் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர் ஜி.எஸ்.4 என்ற சாற்றைத் தயாரித்து நாள் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேர், 18 முதல் 20 மாதங்கள், வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்து இதையும் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 27 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் இன்சுலின் தேவை குறைந்தது. இதை முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இப்போது படிக்கும்போது வேறு சிலவும் கண்ணில் படுகின்றன. மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மருத்துவர் கண்காணிப்பில், ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தார்கள். ஐந்து பேர் நிறுத்தினார்கள் என்றால் பதினேழு பேர் நிறுத்தவில்லை. குலுக்கல் முறையில் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்த ஆய்வும் இல்லை. கொடுத்தது தரப்படுத்திய சாறு, வீட்டுப் பொடி இல்லை. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம். மாத்திரைக்கு மாற்று என்று சொல்ல முடியாது.

அப்பாவுக்கு இதை எல்லாம் எப்படிச் சொல்வது? ஒரு நாள் அவரிடம் மெட்ஃபார்மின் அட்டையைக் காட்டி, "இதுவும் ஒரு செடியின் வம்சம்தான் அப்பா" என்றேன். ஐரோப்பாவில் முளைக்கும் கலேகா என்ற செடியைச் சர்க்கரைக்குக் கொடுத்துவந்தார்கள். அதிலிருந்த பொருள் விஷத்தன்மை கொண்டது. அதன் சாயலில் ஆய்வகத்தில் தயாரித்ததுதான் மெட்ஃபார்மின். 1922இல் முதலில் தயாரித்தார்கள், 1957இல்தான் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். முப்பத்தைந்து வருஷம். "இலையிலிருந்து மாத்திரைக்கு இவ்வளவு காலமா?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மாத்திரைமேல் இருந்த பகை அவருக்குக் குறைந்தது என்று நினைக்கிறேன்.

இனி, எங்கள் வீட்டில் நடைமுறையில் கற்றுக்கொண்டவை.

செடியை அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. குறிஞ்சான் என்ற பெயரில் பெருங்குறிஞ்சானும் உண்டு. அது வேறு செடி, இலை பெரியது. நஞ்சறுப்பான் என்ற கொடியும் இதே குடும்பம்தான். எதிரெதிர் இலை, வேலியில் படரும் குணம் எல்லாம் ஒத்திருக்கும். தின்றால் வாந்தி எடுக்கவைக்கும். எங்கள் தெருவில் ஒருவர் அப்பாவைப் பார்த்துத் தானும் வேலியிலிருந்து ஏதோ ஒரு கொடியைப் பறித்து மென்றுவிட்டு இரண்டு நாள் வாந்தியில் கிடந்தார். சிறுகுறிஞ்சான் இலை சிறியது, விரல் நீளம்கூட வராது. நரம்பின்மேல் மெல்லிய ரோமம் இருக்கும். பூ மஞ்சள், கொத்தாக, மிகச் சிறியது. தெரிந்தவர் ஒருவர் நேரில் காட்டாமல் எந்தக் கொடியையும் வாயில் வைக்க வேண்டாம். தொட்டியில் பலர் வளர்க்கும் 'இன்சுலின் செடி'க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கடையில் வாங்கும் பொடிக்கு நாக்கே நல்ல சோதனை. ஒரு சிட்டிகையை நாக்கில் ஒரு நிமிடம் வைத்திருந்து, வாய் கொப்பளித்துவிட்டுச் சர்க்கரை போட்டுப் பாருங்கள். இனிப்பு அப்படியே தெரிந்தால் அதில் வேலை செய்யும் அளவுக்கு ஜிம்னீமிக் அமிலம் இல்லை. இனிப்பு மறைந்தால் சிறுகுறிஞ்சான் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். வேறு எதுவும் கலக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. மூலிகை என்று விற்ற பொடிகளில் ஆங்கில மருந்தான சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் பிடித்திருக்கின்றன. ஒரே வாரத்தில் சர்க்கரை அதிசயமாக இறங்கினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஆயுஷ் உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத பொட்டலத்தை நாங்கள் வாங்குவதில்லை.

இலை மென்றவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால், நாக்கை நம்பாதீர்கள். அன்று அப்பா டம்ளரைக் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சுக் குழறல் இவை வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். இனிக்கவில்லை என்றாலும் குடிக்க வேண்டும். நாக்கு ஏமாந்தாலும் அது ரத்தத்தில் சேரும். விலங்குகளின் குடலில் நடந்த சோதனைகளில் ஜிம்னீமிக் அமிலம் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தியிருக்கிறது; அதனாலும் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்பது அவசியம். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108க்கு அழைக்க வேண்டும். இதை எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

மருத்துவரிடம் சொல்லுங்கள். சித்த மருத்துவரிடம் போனால் அவரிடம் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே சித்தா பிரிவும் இருக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவில் பத்தடி தூரம். அப்பா இரண்டு மருத்துவரையும் பார்க்கிறார்; இருவருக்கும் எல்லாம் தெரியும். சித்த மருத்துவர்தான் பச்சை இலையை வெறும் வயிற்றில் மெல்வதை நிறுத்தச் சொன்னார், பொடியின் அளவைச் சொன்னார், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொன்னார். மாத்திரையை நிறுத்துங்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல சித்த மருத்துவர் யாரும் ரத்தம் பார்க்காமல் அப்படிச் சொல்லமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் சோதனையும் செய்துகொள்கிறார். இலைதானே, என்ன செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். சிறுகுறிஞ்சான் கஷாயம் குடித்துவந்த ஒரு பெண்ணுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இஸ்ரேல் மருத்துவர்கள் 2010இல் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான். ஆனால் அரிதானது நம் வீட்டில் வந்தால் நமக்கு அது முழுசு. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதைத் தொடவே வேண்டாம். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பக்க நோட்டுப் போதும். அப்பாவின் நோட்டில் தேதி, வெறும் வயிற்று அளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்த அளவு, மாத்திரை, பொடி, நடை, பாதம் என்று ஏழு கட்டம். சித்த மருத்துவர் சொன்ன அளவில் பொடியைத் தொடங்கிய அதே வாரத்தில்தான் அப்பா மதியச் சோற்றை ஒன்றரைத் தட்டிலிருந்து ஒரு தட்டாகக் குறைத்தார், ராத்திரி சாப்பிட்டபின் தெருக்கோடிவரை நடக்கவும் தொடங்கினார். எண்கள் இறங்கின. எதனால்? நோட்டைப் பார்த்தால் ஓரளவு தெரிகிறது. பட்டறை வேலை அதிகமாகி நடை விட்டுப்போன வாரங்களில், பொடி இருந்தும் சாப்பிட்ட பிறகான அளவு 220, 230 என்று ஏறியிருக்கிறது. ஒரு முறை பொடி தீர்ந்து மூன்று வாரம் இல்லாமல் போனபோது நடை தொடர்ந்ததால் பெரிய மாற்றம் இல்லை. இது ஒருவருடைய நோட்டு, ஆய்வு இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு எது எவ்வளவு என்று இதுதான் காட்டிக்கொடுத்தது. பொடியால் தெளிவாகத் தெரிந்த ஒரு பலன் வேறு விதமானது: சாயங்காலம் நாக்கில் சிறிது வைத்துக்கொண்டால் டீக்கடை பஜ்ஜிக்குப் பக்கத்தில் இருக்கும் இனிப்பு போண்டாமேல் ஆசை போய்விடுகிறது என்கிறார். வாயில் வைத்தால் மைதா மாவு மாதிரி இருக்கிறதாம். இலை நாக்கில் செய்யும் வேலை நிச்சயமானது. அதை இப்படிப் பயன்படுத்திக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாதக் கட்டம் அம்மா சேர்த்தது. தினமும் படுக்கப்போகும் முன் அப்பாவின் இரண்டு காலையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதுவார். பட்டறையில் இப்போது, மரத்த காலுக்கென்று வரும் மெத்தென்ற ரப்பர் செருப்பான எம்.சி.ஆர். செருப்பு போடாமல் அப்பா நிற்பதில்லை. வலி தெரியாத காலுக்கு அம்மாவின் கண்தான் நரம்பு.

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் இப்போது ஒரு சிறுகுறிஞ்சான் கொடி ஏறியிருக்கிறது. மலைக்கார அண்ணன் கொடுத்த பதியனில் வந்தது. போன மாதம் எச்.பி.ஏ.1.சி. 7.1. மருத்துவர் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்திருக்கிறார், மெட்ஃபார்மின் தொடர்கிறது. அடுத்த பரிசோதனை ஐப்பசியில். பொடி டப்பா, மாத்திரை அட்டை, நோட்டு மூன்றையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு அப்பா ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.